அழியாத இரசாயனமும் நம் அடுப்படியும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில், ஓய்வுபெற்ற இடைநிலைப்பள்ளி வேதியியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. வாசகர்களுக்காகச் சற்றே சுருக்கித் தருகிறோம்.)



முப்பது ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் கற்பித்தவன் நான். ஆனால் இன்று உங்களிடம் பேச வந்ததற்குக் காரணம் பள்ளிக்கூடம் அல்ல. என் வீட்டு அடுப்படிதான்.

என் மூத்த மகள் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு நாள் காலையில் பசியாற உட்கார்ந்தபோது, தோசை சுடும் சட்டியைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். "அம்மா, இந்த ஒட்டாத சட்டியில உள்ள இரசாயனம் உடம்புக்குள்ள போனா வெளியே போகவே போகாதாம். வயித்துல உள்ள பிள்ளைக்கும் போகுமாம். வேற சட்டி இல்லையா?" என்றாள்.

என் மனைவிக்கு முகம் வாடிவிட்டது. "இருபது வருஷமா இந்த மாதிரிச் சட்டியிலதான் சுடறேன். உனக்கும் இதுலதான் தோசை ஊத்திக் கொடுத்தேன். அப்படின்னா நான் உனக்கு விஷத்தையா கொடுத்தேன்?" என்று கேட்டார். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். வேதியியல் ஆசிரியர் அல்லவா! எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து தேடிப் படித்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

வழுக்கும் பொருள் பிறந்த கதை

1938ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் டியூபாண்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் என்ற இளம் வேதியியலாளர் குளிர்பதனப் பெட்டிக்கான வாயுவை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு கலனைத் திறந்தபோது வாயு வரவில்லை. எடை மட்டும் குறையாமல் இருந்தது. கலனை அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை நிறத்தில் மெழுகு போன்ற ஒரு தூள். அதில் எதுவும் ஒட்டவில்லை. அமிலத்தாலும் அதைக் கரைக்க முடியவில்லை. அதுதான் பின்னர் டெஃப்லான் என்று பெயர் பெற்றது. 1950களில் மார்க் கிரெகுவார் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் அதைச் சமையல் சட்டியில் பூசினார். 1956இல் டெஃபால் நிறுவனம் உருவானது.

இதன் இரகசியம் என்ன? கார்பன் அணுவும் ஃபுளோரின் அணுவும் சேரும் பிணைப்பு, கரிம வேதியியலில் உள்ள ஒற்றைப் பிணைப்புகளிலேயே மிக வலிமையானது. வெயில், மழை, மண்ணில் உள்ள நுண்ணுயிர், நம் கல்லீரல், இவை எவற்றாலும் அதை எளிதில் உடைக்க முடியாது. இந்தப் பிணைப்பைக் கொண்ட பல ஆயிரம் இரசாயனங்களைக் கொண்ட குடும்பத்துக்குத்தான் பி.எஃப்.ஏ.எஸ். என்று பெயர். எண்ணெய் ஒட்டாது, தண்ணீர் ஒட்டாது, கறை படியாது. அதனால் சட்டியில் மட்டும் இல்லை. கறை படியாத சோபா, தரை விரிப்பு, மழைச் சட்டை, எண்ணெய் ஊறாத உணவுத் தாள், மைக்ரோவேவ் பாப்கார்ன் பை, சில முகப்பூச்சுகள், தீயணைப்பு நுரை என்று எங்கும் புகுந்துவிட்டது.

நமக்கு வசதியாக இருந்த அந்த அழியாத குணமே பிறகு வினையாக முடிந்தது.

ஒரு விவசாயியின் மாடுகள்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஒஹையோ ஆற்றங்கரையில் பார்க்கர்ஸ்பர்க் என்று ஓர் ஊர். அதன் அருகே டியூபாண்ட் நிறுவனத்தின் தொழிற்சாலை. டெஃப்லான் தயாரிப்பில் உதவிப் பொருளாக பி.எஃப்.ஓ.ஏ. என்ற இரசாயனத்தை 1951 முதல் அங்கே பயன்படுத்தினார்கள். சி8 என்றும் அதைச் சொல்வார்கள்.

அந்த வட்டாரத்தில் வில்பர் டெனன்ட் என்ற விவசாயி மாடு வளர்த்து வந்தார். அவருடைய மேய்ச்சல் நிலத்தை ஒட்டி நிறுவனத்தின் கழிவுக் கிடங்கு இருந்தது. அங்கிருந்து வரும் ஓடையில் நுரை மிதந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மாடுகள்! உள்ளூரில் யாரும் அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனிதர் சும்மா இருக்கவில்லை. இறந்த மாடுகளை அறுத்து, உறுப்புகளை ஒளிநாடாவில் படம் பிடித்து வைத்தார்.

1998இல் அந்த ஒளிநாடாக்கள் சின்சினாட்டி நகரில் உள்ள ராபர்ட் பிலட் என்ற வழக்கறிஞரிடம் போய்ச் சேர்ந்தன. வேடிக்கை என்னவென்றால், அவர் இரசாயன நிறுவனங்களுக்காக வாதாடும் வழக்கறிஞர். அவருடைய பாட்டி ஒரு காலத்தில் அந்த ஊர்ப்பக்கம் வாழ்ந்தவர் என்ற தொடர்பால்தான் விவசாயி அவரைத் தேடிப் போனார். 1999இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. நீதிமன்ற உத்தரவின்பேரில் நிறுவனம் கொடுத்த தாள்கள் ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் பக்கத்துக்கு மேல் இருந்தன. மாதக்கணக்கில் அறையின் தரையில் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தார் பிலட்.

அதில் என்ன இருந்தது தெரியுமா? எலிகளின் கல்லீரலை இந்த இரசாயனம் பெரிதாக்குகிறது என்பதை 1961இலேயே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டிருந்தார்கள். 1981இல், பணியில் இருந்த பெண்களுக்குப் பிறந்த ஏழு குழந்தைகளில் இருவருக்குக் கண்ணில் குறைபாடு இருந்ததைக் குறித்து வைத்திருந்தார்கள். ஊர்க் குடிநீரில் அது கலந்திருப்பதும் 1984இல் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் ஊருக்குச் சொல்லவில்லை.

ஊரே கொடுத்த இரத்தம்

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது. குடிநீர் கெட்டுப்போன ஊர்மக்கள் சேர்ந்து தொடுத்த வழக்கு 2004இல் சமரசத்துக்கு வந்தது. "இந்த இரசாயனத்தால்தான் நோய் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்ற கேள்வி எழும் அல்லவா? அதனால் இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட மூன்று தொற்றுநோயியல் வல்லுநர்களைக் கொண்ட ஓர் அறிவியல் குழுவை அமைத்தார்கள். சமரசப் பணத்திலிருந்து, படிவம் நிரப்பி இரத்தம் கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் 400 டாலர் கொடுத்தார்கள். ஏறத்தாழ 69,000 பேர் முன்வந்தார்கள்.

முடிவு வர ஏழு ஆண்டுகள் பிடித்தன. 2012இல் அறிக்கைகள் நிறைவடைந்தபோது, ஆறு நோய்களுக்கும் இந்த இரசாயனத்துக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்று குழு அறிவித்தது. சிறுநீரகப் புற்றுநோய், விதைப்பைப் புற்றுநோய், தைராய்டு நோய், பெருங்குடல் புண், அதிகக் கொழுப்புச் சத்து, கர்ப்ப காலத்தில் வரும் இரத்தக் கொதிப்பு ஆகியவையே அந்த ஆறு. 2017இல் நோயுற்ற சுமார் 3,550 பேரின் வழக்குகளைத் தீர்க்க 67 கோடியே 10 இலட்சம் டாலர் கொடுக்க நேர்ந்தது. ஆனால் மாட்டுக்காக வழக்கைத் தொடங்கிய வில்பர் டெனன்ட் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் கவலையையே கூட்டின. ஃபாரோ தீவுகளில் பிள்ளைகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், இரத்தத்தில் இந்த இரசாயனங்கள் அதிகம் உள்ள பிள்ளைகளுக்குத் தடுப்பூசியால் கிடைக்கும் எதிர்ப்பாற்றல் குறைவாக இருந்தது தெரிந்தது. 2023ஆம் ஆண்டு இறுதியில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பி.எஃப்.ஓ.ஏ.வை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

நம் இரத்தத்திலும் இருக்கிறது

"அது அமெரிக்காவில் நடந்த கதை. தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு வந்தது. நமக்கு என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

குருந்தாசலம் கண்ணன் என்ற அறிவியலாளர், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்காவில் ஆய்வு செய்பவர், நம் தமிழர். அவரும் ஜான் கீசி என்பவரும் 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பி.எஃப்.ஓ.எஸ். என்ற இந்தக் குடும்பத்து இரசாயனம், தொழிற்சாலையே இல்லாத வடதுருவத்தின் பனிக்கரடிகளின் உடலில்கூட இருப்பதை அந்த ஆய்வு காட்டியது. கறை படியாமல் இருக்கத் துணிகளில் தெளிக்கும் ஸ்காட்ச்கார்டு என்ற பொருளோடு தொடர்புடைய இரசாயனம் இது. இதன் தயாரிப்பை நிறுத்தப்போவதாக 3எம் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் அறிவித்தது.

2004இல் கண்ணனும் அவர் குழுவினரும் பல நாடுகளைச் சேர்ந்த மக்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். அதில் மலேசியாவும் ஒன்று! அமெரிக்கா, போலந்து நாட்டவரின் இரத்தத்தில் பி.எஃப்.ஓ.எஸ். அளவு மிக அதிகம். ஒரு மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்கு மேல். இந்தியாவில் மிகக் குறைவு, 3க்கும் கீழே. மலேசியா, கொரியா, இத்தாலி போன்ற நாடுகள் இரண்டுக்கும் இடையில். இந்தியர் என்ற இரத்தத்தால் இந்த வேறுபாடு வரவில்லை. எந்த நாட்டில் எப்படி வாழ்கிறோம், என்னென்ன பொருள்களைப் புழங்குகிறோம் என்பதில்தான் வேறுபாடு. வசதி கூடக் கூட அதுவும் கூடியிருக்கிறது.

இந்த இரசாயனங்களில் சில நம் உடலில் பாதியாகக் குறையவே சில ஆண்டுகள் ஆகின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று ஆண்டில் பாதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்கு உடலில் 100 பங்கு இருந்தால், இனி ஒரு துளியும் உள்ளே போகாவிட்டாலும், மூன்று ஆண்டு கழித்து 50, ஆறு ஆண்டில் 25, ஒன்பது ஆண்டில் 12 பங்குக்கு மேல் இருக்கும். அதற்குள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால்? அதனால்தான் மிகச் சிறிய அளவுக்கும் கவலைப்படுகிறார்கள். 2024இல் அமெரிக்கா குடிநீரில் பி.எஃப்.ஓ.ஏ.வுக்கு விதித்த வரம்பு, ஒரு இலட்சம் கோடியில் 4 பங்கு. அதாவது ஏறத்தாழ 8,000 ஆண்டுகளில் ஒரு நொடி!

கூடவே ஒரு நல்ல செய்தியும் உண்டு. தயாரிப்பை நிறுத்தினால் பலன் கிடைக்கிறது. 2000ஆம் ஆண்டு வாக்கில் இருந்ததைவிட அமெரிக்கர்களின் இரத்தத்தில் பி.எஃப்.ஓ.எஸ். 85 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டது. பி.எஃப்.ஓ.ஏ. 70 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டது. உடல் தானாகவே மெல்ல மெல்லத் தூய்மையாகிறது. நாம் உள்ளே அனுப்புவதை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

சட்டியை எறிந்துவிட வேண்டுமா?

இப்போது என் மனைவியின் கேள்விக்கு வருகிறேன்.

சட்டியில் பூசியிருக்கும் டெஃப்லானும் அதன் தயாரிப்பில் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ.வும் ஒன்றல்ல. பூச்சில் தங்கும் பி.எஃப்.ஓ.ஏ. மிகமிகக் குறைவு. அமெரிக்காவில் எட்டு பெரிய நிறுவனங்கள் 2015க்குள் அதைக் கைவிடுவதாக ஒப்புக்கொண்டு அப்படியே செய்தன. பூச்சின் துகள் ஒன்று தோசையோடு வயிற்றுக்குள் போனாலும், அது கரையாமல் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். ஆகவே, "உன் தோசையில் விஷம் இருந்தது" என்று யாரும் அந்தத் தாயைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். முதலாவது சூடு. காலிச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுத் தொலைபேசியில் பேசப் போய்விடுகிறோம். 260 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் பூச்சு சிதையத் தொடங்கும். இன்னும் சூடேறினால் நச்சுப் புகை வரும். அதைச் சுவாசித்தவருக்குக் காய்ச்சல் போன்ற உபாதை வரும். கூண்டில் வளர்க்கும் பறவைகள் செத்தே போகும். இரண்டாவது, விளம்பரச் சொல். "பி.எஃப்.ஓ.ஏ. இல்லை" என்று அட்டையில் போட்டிருந்தால் அந்த ஒன்று மட்டும்தான் இல்லை என்று அர்த்தம். டெஃப்லான் பூச்சே பி.எஃப்.ஏ.எஸ். குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஒன்றைத் தடை செய்தால் அதன் இடத்தில் வேறொன்றைக் கொண்டு வருகிறார்கள். பி.எஃப்.ஓ.ஏ.வுக்குப் பதிலாக வந்த ஜென்எக்ஸ் என்ற இரசாயனம், பிறகு வட கரோலினாவில் குடிநீருக்கு ஆதாரமான கேப் ஃபியர் ஆற்றில் கலந்திருந்தது தெரியவந்தது.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். நம் உடலுக்குள் இது போகும் வழிகளில் சட்டி மட்டும் முக்கியமல்ல. தண்ணீர், உணவு, உணவைச் சுற்றும் தாள், வீட்டுத் தூசு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

ஒட்டாத சட்டி இருந்தால் மிதமான தீயில் மட்டும் சமையுங்கள். காலியாகச் சூடாக்காதீர்கள். மரக் கரண்டியைப் பயன்படுத்துங்கள். பூச்சு உரிந்துவிட்டால் மாற்றுங்கள். அடுத்த சட்டி வாங்கும்போது இரும்புத் தோசைக்கல், எவர்சில்வர், மண்சட்டி என்று யோசியுங்கள். இரும்புக்கல்லில் எண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால் தேய்த்துப் பழக்கினால் அதிலும் தோசை ஒட்டாமல் வரும். நம் பாட்டிமாருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

வெளியில் உணவு வாங்கும்போது முடிந்தவரை வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டு போங்கள். எல்லாத் தாளிலும் இந்த இரசாயனம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எதில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். வாழையிலைப் பொட்டலத்தில் அந்தச் சந்தேகமே இல்லை.

கறை படியாது என்று விற்கும் சோபா, தரை விரிப்பு நமக்குத் தேவைதானா என்று கேளுங்கள். தவழும் குழந்தை தரையில் கை வைத்து வாயில் வைக்கும். ஈரத் துணியால் தரையைத் துடையுங்கள். முகப்பூச்சு வாங்கும்போது உள்ளடக்கப் பட்டியலில் "ஃபுளோரோ" என்ற சொல் வருகிறதா பாருங்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். இந்த இரசாயனம் போகாது. கரி வடிகட்டியும் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் வடிகட்டியும் இதைக் குறைக்கும். ஆனால் வடிகட்டியின் உள்பகுதியைக் காலம் தவறாமல் மாற்ற வேண்டும்.

சற்று முன்பு அரங்கில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "ஃபுளோரின் கெடுதல் என்றால் பற்பசையில் ஏன் போடுகிறார்கள்?" நல்ல கேள்வி. பற்பசையில் உள்ளது ஃபுளோரைடு என்ற உப்பு. அது வேறு, இது வேறு. இதைக் கேட்டுவிட்டுப் பல் துலக்குவதை யாரும் நிறுத்திவிடாதீர்கள்!

பயனீட்டாளர் வாய் திறக்க வேண்டும்

ஒவ்வொரு வீட்டு அடுப்படியும் தனியாக இதைச் சமாளிக்க முடியாது. டென்மார்க் 2020இல் உணவுத் தாளிலும் அட்டையிலும் இந்தக் குடும்பத்தையே தடை செய்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2025 ஜனவரி முதல் சமையல் பாத்திரம், அழகுசாதனம், தரை விரிப்பு உள்ளிட்ட பல பொருள்களில் தடை செய்தது. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் பி.எஃப்.ஓ.எஸ். 2009இலும் பி.எஃப்.ஓ.ஏ. 2019இலும் சேர்க்கப்பட்டன. பணக்கார நாட்டில் விற்க முடியாத சரக்கு எங்கே வந்து சேரும் என்று உங்களுக்கே தெரியும். பேரங்காடியில் ஒரு பொருளை எடுத்து, "இதில் பி.எஃப்.ஏ.எஸ். இருக்கிறதா?" என்று கேட்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒருவர் கேட்டால் குப்பையில் போடுவார்கள். ஆயிரம் பேர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு மாட்டுக்காரர் கேட்ட கேள்வியால்தான் இந்த உண்மையெல்லாம் வெளியே வந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

கடைசியாக, என் மகளுக்குச் சொன்னதைச் சொல்லி முடிக்கிறேன். "நீ கேட்டது சரியான கேள்வி. இது கருவுக்கும் போகும், தாய்ப்பாலிலும் வரும். ஆனாலும் பயந்து பிள்ளைக்குப் பால் கொடுப்பதை நிறுத்திவிடாதே. தாய்ப்பாலின் நன்மை பெரிது என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். இனி உள்ளே போவதைக் குறைப்போம்" என்றேன். என் மனைவியிடம், "நீ தெரிந்து எதுவும் செய்யவில்லை. தெரிந்தே மறைத்தவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் சந்தையிலிருந்து ஓர் இரும்புத் தோசைக்கல் வீட்டுக்கு வந்தது. முதல் நான்கு தோசை பிய்ந்து வந்தது. ஐந்தாவது நன்றாகவே வந்தது. அதை மகளுக்குத்தான் வைத்தார்.